திரையில் கண்டவர்களும் எங்கள் வகுப்பில் இருந்தவளும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பது ஒருத்தி. எழுதியவர்கள் ஆறு பேர். நாங்கள் 1970களில் இக்கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இப்போது இருவர் யாழ்ப்பாணத்தில், ஒருத்தி கொழும்பில், மற்றவர்கள் லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று சிதறியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலை, இலங்கை நேரம் ஆறரைக்குத் தொலைபேசியில் கூடுவோம். முதலில் கோயில் திருவிழா, முழங்கால் நோ, பிள்ளைகளின் கலியாணம் என்றுதான் பேச்சுப் போனது. பிறகு எங்களில் ஒருத்தியின் பேரனுக்கு ஓட்டிசம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அவனுக்கு அப்போது நான்கு வயது.

அந்த ஞாயிறு அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு வைத்தியப் புத்தகம் வேண்டாமடி. இந்தப் பிள்ளைகளைப் பற்றி நல்ல கதை, நல்ல படம் இருந்தால் சொல்லுங்கோ. நான் இவனை விளங்கிக்கொள்ள வேணும்." அன்று தொடங்கிய வாசிப்பும் பார்வையும் ஒன்றரை வருடம் ஓடின. அதில் கண்டதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம். நாங்கள் வைத்தியர்கள் அல்லர். இரண்டு பேர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஒருத்தி வங்கியில் இருந்தவள், ஒருத்தி கணக்காளர், ஒருத்தி தாதி, ஒருத்தி வீட்டைப் பார்த்தவள். ஆகவே நாங்கள் சொல்வதை வாசகிகளின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் ஆட்டிசம் என்கிறார்கள், நாங்கள் ஓட்டிசம் என்கிறோம். 'மதியிறுக்கம்' என்ற தமிழாக்கமும் புழக்கத்தில் உண்டு. எங்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளையுடன் ஒரு பகல் இருந்து பாருங்கள், எந்த மதியும் இறுகிக் கிடக்கவில்லை என்பது தெரியும். நல்ல தமிழ்ச்சொல் வரும்வரை ஓட்டிசமே போதும் என்று தீர்மானித்தோம்.

எங்கள் தலைமுறைக்கு இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தியது 'றெயின் மான்' என்ற ஹொலிவூட் படம். 1988 இறுதியில் வெளிவந்து, அடுத்த வருடம் சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட நான்கு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. டஸ்ரின் ஹொவ்மன் றேமண்டாக நடித்தார். எங்களில் இருவர் அதை அந்தக் காலத்திலேயே வீடியோக் கொப்பியில் பார்த்திருக்கிறோம். அப்போது மனதில் நின்றவை இரண்டு காட்சிகள். ஒன்று, உணவகத்தில் நிலத்தில் கொட்டிய பற்குச்சிகளைக் கண்ட மாத்திரத்தில் 246 என்று எண்ணிச் சொல்வது. மற்றது, லாஸ் வேகஸ் சூதாட்ட மண்டபத்தில் சீட்டுகளை நினைவில் வைத்துத் தம்பிக்குப் பணம் வென்று கொடுப்பது.

இம்முறை பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. கதாசிரியர் பரி மொரோவுக்கு இந்தப் பாத்திரத்தின் எண்ணத்தைக் கொடுத்தவர் கிம் பீக் என்ற அமெரிக்கர். ஆயிரக்கணக்கான புத்தகங்களை மனதில் வைத்திருந்தவர். அவருடைய மூளையின் இரண்டு பக்கங்களையும் இணைக்கும் நரம்புக் கற்றை பிறவியிலேயே இல்லை. அவருக்கு இருந்தது ஓட்டிசம் அல்ல என்பதே பின்னர் நிபுணர்கள் வந்த முடிவு. ஓட்டிசம் இல்லாத ஒருவரின் அபூர்வத் திறமையை எடுத்து ஓட்டிசம் உள்ள பாத்திரத்துக்குப் பூட்ட, உலகம் அந்தக் கலவையை ஓட்டிசத்தின் இலக்கணமாக எடுத்துக்கொண்டது. அப்படியான அபாரத் திறமை உள்ளவர்கள் ஓட்டிசம் உள்ளவர்களிடையே இருக்கிறார்கள்தான். ஆனால் அவர்கள் சிறு தொகையினர்.

இதன் விலையை எங்கள் தோழி ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கொடுக்கிறாள். "பேரனுக்கு ஓட்டிசமாம் என்ன? அந்தப் பிள்ளையள் கணக்கில புலியாம். தம்பி என்னத்தில கெட்டிக்காரன்?" கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள். பேரன் கணக்கில் புலி அல்லன். தண்ணீர்க் குழாயின் சத்தத்தையும், லிப்ற் கதவு திறந்து மூடுவதையும் விரும்புகிறான். வாயால் பேசுவது ஏழெட்டுச் சொற்கள். மிகுதியை ஒரு கைக்கணினியில் படங்களைத் தொட்டுக் காட்டிச் சொல்வான். திறமை ஒன்றைக் காட்டினால்தான் அவனுக்குச் சபையில் இடம் என்றால் அவன் எங்கே இருப்பது?

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். அந்தப் படம் வருமுன் அந்தச் சொல்லே வெளியுலகில் அவ்வளவாகப் புழங்கவில்லை. படத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் பேர்னாட் றிம்லன்ட். ஓட்டிசம் உள்ள மகனின் தகப்பன். அவர் செய்த பெரிய காரியம் படத்துக்கு முன்னரே நடந்தது. அந்தக் கதை தாய்மாரோடு சம்பந்தப்பட்டது, ஆதலால் சற்று நின்று சொல்கிறோம்.

1943 இல் லியோ கானர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஓட்டிசம் தனியொரு நிலையாக அறியப்பட்டது அந்தக் கட்டுரையோடுதான். அந்தப் பதினொருவரில் பெண்பிள்ளைகள் மூவர். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும். கானரின் எழுத்தில் பெற்றோர் அன்பு காட்டாதவர்கள் என்ற தொனி இருந்தது. புரூனோ பெற்றல்ஹைம் அதைப் பிடித்துக்கொண்டு, தாயின் நிராகரிப்பே காரணம் என்று 1967 இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். 'குளிர்சாதனப்பெட்டித் தாய்மார்' என்ற பெயர் அந்தக் காலத்துத் தாய்மாருக்குச் சூட்டப்பட்டது. அவர் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் தோன்றிப் பேசியதால் அமெரிக்க வீடுகளில் அது வேதவாக்காயிற்று. றிம்லன்ட் 1964 இலேயே தன் நூலில் இதை எதிர்த்து, இது உயிரியல் காரணத்தால் வருவது என்று வாதாடியிருந்தார்.

பெற்றல்ஹைமின் புத்தகம் வந்த அதே 1967 இல் ஒரு தாயும் எழுதினார். கிளாரா கிளேபோர்ண் பார்க். நூலின் பெயர் 'த சீஜ்', முற்றுகை. தன் கடைசி மகளின் முதல் எட்டு வருடங்களை, குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும் குரலில்கூட அல்லாமல், நாட்குறிப்புப்போல நிதானமாக எழுதியிருக்கிறார். நாங்கள் வாசித்தவற்றில் ஆறு பேரும் ஒருமித்து நல்லது என்று சொன்ன நூல் இது ஒன்றுதான். மந்திர முடிவு இல்லை. பிள்ளை ஒருநாள் திடீரென்று எல்லோரையும்போல ஆகிவிடுவதில்லை. ஒரு சிறு காரியத்தை அவள் செய்வதற்கு எத்தனை மாதம் எடுத்தது என்பது எழுதப்பட்டிருக்கிறது. அந்த மகள் பின்னர் ஓவியரானார். வில்லியம்ஸ் கல்லூரியின் தபால் பிரிவில் வேலையும் பார்த்தார். 2001 இல் தாய் இரண்டாவது புத்தகம் எழுதினார்.

அமெரிக்கத் தாயின் பழைய கதை எங்களுக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். எங்கள் தோழியின் மகளிடம் ஒரு மாமி சொன்னது: "நீ வேலை வேலை எண்டு திரிஞ்சாய், பிள்ளைக்கு ரீவியைப் போட்டுவிட்டாய், அதுதான்." பெற்றல்ஹைமின் பெயரை அந்த மாமி கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

இனி நாவலுக்கு வருவோம். மார்க் ஹடன் 2003 இல் எழுதிய, நள்ளிரவில் கொல்லப்பட்ட நாயைப் பற்றிய அந்த நாவல், 'த கியூரியஸ் இன்சிடென்ற்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள், உங்களிற் பலர் வீட்டு அலுமாரியில் இருக்கும். லண்டனில் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கொடுக்கிறார்கள். நாடகமாகவும் 2012 முதல் மேடையேறிப் பெரும் பெயர் பெற்றது. பதினைந்து வயதுக் கிறிஸ்தோபர் தானே சொல்லும் கதை. தொடர்ந்து நான்கு சிவப்புக் கார் கண்டால் அது நல்ல நாள். மஞ்சளும் மண்ணிறமும் ஆகாது. அத்தியாயங்களுக்குப் பகா எண்கள்தான் இலக்கம்.

இந்தப் புத்தகத்தில் நாங்கள் மூன்று மூன்றாகப் பிரிந்தோம், இன்னும் சேரவில்லை. ஒரு பக்கம் சொன்னது: அவன் சுவின்டனிலிருந்து தனியே லண்டனுக்கு ரயிலேறும் பகுதியை வாசித்த பிறகுதான் சனநெரிசல், அறிவிப்புச் சத்தம், விளம்பரப் பலகை எல்லாம் ஒரே நேரத்தில் ஒருவனை எப்படி அடிக்கும் என்பது விளங்கியது. பேரனைக் கடைத்தெருவில் ஏன் காதைப் பொத்தச் செய்கிறது என்பதும் விளங்கியது. மறுபக்கம் சொன்னது: மறுபடியும் ஒரு பொடியன், மறுபடியும் கணிதம், உயர்தரத்தில் அதிசிறப்புச் சித்தி. றேமண்டின் பேரன்தான் இவன். நாவலாசிரியரே தாம் இந்த விடயத்தில் நிபுணர் அல்லர் என்றும், இது அந்த நிலையைப் பற்றிய புத்தகம் அல்ல என்றும் பின்னர் எழுதியிருக்கிறார். கதைக்குள் கிறிஸ்தோபருக்கு எந்தப் பெயரும் சூட்டப்படவில்லை. பெயர் ஒட்டப்பட்டது அட்டையில். அட்டையை நம்பி ஆசிரியர் பயிற்சிக்குக்கூட அதைக் கொடுத்தால் குற்றம் யாருடையது என்று ஒரு மணி நேரம் சண்டை பிடித்தோம். தொலைபேசிக் கட்டணம் இல்லாத காலமாகப் போயிற்று.

எங்கள் பக்கத்துப் படங்கள். ஷாருக் கான் நடித்த 'மை நேம் இஸ் கான்' 2010, பிரியங்கா சோப்ரா நடித்த 'பர்பி' 2012, தமிழில் 'ஹரிதாஸ்' 2013. ஹரிதாஸ் என்றதும் எங்கள் அம்மாமாருக்கு 1944 இன் பாகவதர் படம்தான் நினைவுக்கு வரும். இது குமாரவேலன் இயக்கியது. கிஷோர் பொலிஸ் அதிகாரியான தகப்பனாகவும், சினேகா ஆசிரியையாகவும், பிரித்விராஜ் தாஸ் ஓட்டிசம் உள்ள மகனாகவும் நடித்தார்கள். தமிழ்ச் சினிமாவில் மனம் சார்ந்த எந்த நிலையும் ஒன்று சிரிப்புக்கு, அல்லது தலையில் அடிபட்டுச் சுகமாவதற்கு என்றிருந்த இடத்தில் இந்தப் படம் மரியாதையாக வந்தது. அந்தப் பையன் நடிக்கிறான் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. பிள்ளையைச் சாதாரணப் பாடசாலையில் சேர்ப்பதும், ஆசிரியை அவனைத் தன் பொறுப்பாக எடுப்பதும் கண்ணீர் வரவழைத்தன. ஆனாலும் கடைசியில் அவன் ஓட்டக்காரனாகத்தான் வேண்டியிருக்கிறது. ஓடாத பிள்ளைக்கு யார் படம் எடுப்பார்கள் என்று பேரனின் அம்மம்மா கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. ('பேரன்பு' படத்தையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பதைக் கேட்டிருக்கிறோம். அதிலுள்ள மகளுக்கு இருப்பது மூளை முடக்குவாதம். நல்ல படம், ஆனால் வேறு விடயம்.)

எங்கள் பிள்ளைகள் சொல்லித்தான் கொரியத் தொடர் பார்த்தோம். 2022 இல் வந்த, சட்டத்தரணி வூ பற்றிய 16 அங்கங்கள். பார்க் உன்-பின் என்ற நடிகை ஓட்டிசம் உள்ள இளம் சட்டத்தரணியாக வருகிறார். தன் பெயரை முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றுதான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அறிமுகமாவார். எங்களுக்கு உடனே 'விகடகவி' நினைவுக்கு வந்தது. திமிங்கிலம் என்றால் உயிர். சாப்பாடு எந்நாளும் கிம்பாப், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பது வெட்டுமுகத்தில் தெரியும். சுழல் கதவைக் கடக்க முடியாமல் நிற்பார். சக ஊழியர் ஒருவர் நடனத் தாளம் சொல்லிக் கடக்கப் பழக்குவார். அந்தச் சுழல் கதவு எங்களுக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் சாதாரணமான ஒரு பொருள், ஒருத்திக்கு மட்டும் தடை.

இவளும் அபார மூளைக்காரிதான். அதே வரிசை. ஆனால் மூன்றாம் அங்கத்தில் தொடர் தன்னைத்தானே கேள்வி கேட்கிறது. தமையனைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட, அதிகம் பேசாத, ஓட்டிசம் உள்ள ஒரு வாலிபனுக்காக வூ வாதாட வேண்டும். அவனுடைய தாய் வூவைப் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான் வைத்தியர் கொடுத்தது. ஒருத்தி சட்டத்தரணி, தன் மகன் இப்படி. பேரனின் அம்மம்மா அந்த அங்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டு ஞாயிறு தொலைபேசிக்கு வரவில்லை. பிறகு வந்து, நான் அந்தத் தாய்தான், ஆனால் அதைத் திரையில் ஒருவர் காட்டியது நல்லது என்றாள்.

'நிறமாலை' என்ற சொல்லை இப்போது எல்லோரும் பாவிக்கிறோம். அந்த எண்ணத்தை வளர்த்தவர் பிரித்தானிய மனநல வைத்தியர் லோர்னா விங். அவருக்கும் ஓட்டிசம் உள்ள மகள் இருந்தாள். இது ஒரு முனை இலேசு, மறுமுனை கடுமை என்ற அளவுகோல் அல்ல. ஒரே ஆளுக்குப் பேச்சு இலகுவாகவும் சத்தம் தாங்க முடியாததாகவும் இருக்கலாம், இன்னொருவருக்கு எதிர்மாறாக. திரைக்கு இது வசதிப்படாது, ஏனென்றால் திரைக்கு ஒரே ஆள் போதும்.

பேசாத பிள்ளைகளைப் பற்றி நல்ல கதை தேடி நாங்கள் அதிகம் காணவில்லை. ஜப்பானியரான நவோக்கி ஹிகாஷிடா எழுத்துப் பலகை மூலம் எழுதிய நூல் 2007 இல் வந்தது. ஆங்கிலத்தில் 2013 இல் டேவிட் மிற்செலும் அவருடைய மனைவியும் பெயர்த்தார்கள். அந்த எழுத்து முழுவதும் அவருடையதா என்ற சர்ச்சை உண்டு. வாசித்தோம், மனதைத் தொட்டது, சந்தேகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

ரெம்பிள் கிராண்டின் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அங்கே ஒரு பாடசாலை வருகிறது. 1947 இல் பிறந்தவர், தன் கதையைத் தானே 1986 இல் எழுதியவர். அவருடைய வாழ்க்கையை 2010 இல் எச்.பி.ஓ. படமாக்கியது, கிளயர் டேன்ஸ் நடித்தார். பிள்ளையை நிறுவனத்தில் விடும்படி சொன்னவர்களுக்குத் தாய் இணங்கவில்லை. விடுதிப் பாடசாலையில் கார்லொக் என்ற விஞ்ஞான ஆசிரியர் அந்தப் பிள்ளையின் விசித்திர ஆர்வத்தைத் தடுக்காமல், அதையே விஞ்ஞானம் படிப்பதற்கு வாசலாக்கினார். பிற்காலத்தில் அவர் கால்நடை விஞ்ஞானப் பேராசிரியர். படம் முடிந்ததும் எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அதன் காரணத்துக்கு இப்போது வருகிறோம்.

கானரின் பதினொருவரில் மூவர் பெண்கள் என்றோமல்லவா. நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்று நெடுங்காலம் எழுதினார்கள். அண்மைய ஆய்வுகள் மூன்றுக்கு ஒன்று அளவில் நிற்கின்றன. பெண்பிள்ளைகள் கண்ணில் படாமல் போகிறார்கள் என்பதே அவற்றின் விளக்கம். மற்றப் பிள்ளைகளைப் பார்த்துப் படித்து, அவர்களைப்போல நடித்து, வீட்டுக்கு வந்து களைத்து விழுகிறார்கள். திரையிலும் அதே கதி. றேமண்ட், கிறிஸ்தோபர், ஷாருக் கானின் றிஸ்வான், 'குட் டொக்டர்' தொடரின் வைத்தியர், எல்லோரும் ஆண்கள். பெண்ணைத் தேடினால் வூவும், 'செசமி ஸ்ரீற்'றின் சிறுமி ஜூலியாவும், எல் மக்னிக்கொல் எழுதிய 'எ கைன்ட் ஒவ் ஸ்பார்க்' என்ற சிறுவர் நாவலின் அடியும்.

ஜூலியா ஒரு பொம்மை. 2017 இல் தொலைக்காட்சிக்கு வந்தாள். அவளை இயக்கிய ஸ்ரேசி கோர்டன் ஓட்டிசம் உள்ள மகனின் தாய். முதல் நிகழ்ச்சியில் பெரிய மஞ்சள் பறவை வணக்கம் சொல்ல, ஜூலியா திரும்பியும் பார்ப்பதில்லை. தன்னைப் பிடிக்கவில்லைப்போலும் என்று பறவை நினைக்கிறது. இல்லை, அவள் சிலவற்றைத் தன் விதத்தில் செய்வாள் என்று மற்றவர்கள் விளக்குகிறார்கள். சைரன் ஒலிக்கிறது, அவளால் தாங்க முடியவில்லை, கொஞ்சம் அமைதியான இடத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை.

'எ கைன்ட் ஒவ் ஸ்பார்க்' 2020 இல் வந்தது. எழுதியவர் ஓட்டிசம் உள்ளவர். பதினொரு வயது அடி ஸ்கொட்லாந்துக் கிராமமொன்றில், அங்கே ஒரு காலத்தில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட பெண்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்று நிற்கிறாள். தொடக்கத்திலேயே வகுப்பாசிரியை அவளுடைய எழுத்தைக் குறைசொல்லி வகுப்பின் முன்னால் தாளைக் கிழிக்கிறார். அடியின் அக்காவுக்கும் ஓட்டிசம். பல்கலைக்கழகத்தில் அதை மறைத்து நடித்து மெல்ல மெல்ல உடைகிறாள். பி.பி.சி. இதை 2023 இல் தொடராக்கியபோது அந்தப் பாத்திரங்களை ஓட்டிசமும் அதுபோன்ற நரம்பியல் வேறுபாடுகளும் உள்ள இளையவர்களே நடித்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னர் பாடகி சியா தன் 'மியூசிக்' படத்தில் அப்படிச் செய்யாததற்கு வாங்கிய கண்டனம் நினைவிருக்கும்.

சகோதரிகளே, அடியின் தாள் கிழிபடும் பக்கத்தில் எங்கள் வாசிப்பு நின்றுவிட்டது. எங்கள் வகுப்பிலும் ஒருத்தி இருந்தாள்.

மணி அடித்தால் காதைப் பொத்துவாள். யன்னலோரம் மூன்றாவது மேசைதான் வேண்டும். வேறு யாராவது இருந்தால் அருகில் நின்றுகொண்டே இருப்பாள். சாப்பாட்டுப் பெட்டியில் பிட்டும் சம்பலும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. கூப்பிட்டால் சிலவேளை திரும்ப மாட்டாள், தலைக்கனம் என்று முடிவு செய்தோம். நாங்கள் வைத்த பட்டப்பெயரை இந்த மண்டபத்தில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் பாடத்தில் அவள் ஏதோ கேள்வி கேட்க, கோபத்தில் "வேணுமெண்டால் வெளியில போய் நில்" என்று சொல்லப்பட்டது. போய் நின்றாள். அந்தப் பாடம் முடிந்தது, அடுத்த பாடம் முடிந்தது, கடைசி மணியும் அடித்தது, யாரும் உள்ளே வா என்று சொல்லாததால் மழைத் தூவானத்தில் நின்றாள். நாங்கள் யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தோம். ஆறு பேரும்.

எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அவளும் ஐந்து வருடமாக ஒன்றும் எழுதாமல் இருக்கிறாள் என்பதைத் தேடியபோதுதான் கண்டோம். இந்த உரையின் முதல் வரைவை அவளுக்கு அனுப்பி, உன்னைப் பற்றிய பகுதியைச் சொல்லலாமா, வெட்டிவிடவா என்று கேட்டோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. இலக்கமிட்டு 14 குறிப்புகள்.

தனக்கு 58 ஆவது வயதில், வெளிநாட்டில், ஓட்டிசம் என்று உறுதிசெய்தார்கள் என்பது முதற் குறிப்பு. பெயர் போடாமல் சொல்லலாம் என்பது இரண்டாவது. மூன்றாவது, 'பாவம்' என்ற சொல் வரைவில் ஐந்து இடத்தில் வருகிறது, ஐந்தையும் எடுக்கவும். எடுத்துவிட்டோம். 'அவளுக்கு நண்பர்களே இல்லை' என்று எழுதியிருந்தோம். அது பிழையாம். நூலகத்தில் தூசு தட்டிய அம்மா தன் சிநேகிதி, அவரோடு தினமும் இடைவேளையில் புத்தகங்களை இலக்கப்படி அடுக்கியதாக எழுதியிருந்தாள். இரண்டு வருடம் ஒரு சிநேகிதம் எங்கள் கண்முன் நடந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது.

ஒன்பதாவது குறிப்பை வாசிக்கக் கடினமாக இருந்தது. உயர்தரத்தில் அவள் மாறிவிட்டாள், எங்களோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கினாள் என்று நாங்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தோம். அந்தச் சிரிப்பு எங்களில் ஒருத்தியுடையது. அவளுடைய சிரிப்பைக் கேட்டு, வீட்டில் கண்ணாடி முன் பழகி, எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்பதையும் கொப்பியில் எழுதிப் படித்தாளாம். பின்னேரம் வீட்டுக்குப் போய் இருட்டறையில் படுப்பாளாம். யாருடைய சிரிப்போ அவள் இந்த மேடையில்தான் நிற்கிறாள்.

படங்கள், புத்தகங்கள் பற்றியும் அவளிடம் கேட்டிருந்தோம். றேமண்டில் தன்னைக் காணவில்லை. வூ நல்ல பொழுதுபோக்கு, ஆனால் வேலைத்தலத்தில் அவ்வளவு அன்பான ஆட்களைத் தான் சந்தித்ததில்லை. அடியின் அக்காவின் பகுதியை இரண்டாம் முறை வாசிக்க முடியவில்லை. இவ்வளவுதான் எழுதினாள். நாங்கள் ஒன்றரை வருடம் பேசியதற்கு மூன்று வரி.

இலங்கையில் 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, ஓரளவு நகர்ப்புறமான பகுதியொன்றில் ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்து, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்ற கணக்குக்கு வந்தது. எங்கள் கல்லூரியின் நூறு வருடத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் இந்தப் படியேறினார்கள் என்பதைப் பதிவேடு சொல்லும். அதை வைத்து நீங்களே பிரித்துப் பார்க்கலாம். இங்கே சொன்ன நூல்களில் 'த சீஜ்', 'எ கைன்ட் ஒவ் ஸ்பார்க்' இரண்டிலும் ஐந்தைந்து பிரதிகளைக் கல்லூரி நூலகத்துக்கு எங்கள் வகுப்பின் பெயரால் கொடுத்திருக்கிறோம். தமிழில் இப்படியொரு சிறுவர் நாவலை எங்கள் பழைய மாணவிகளில் ஒருத்தி எழுதமாட்டாளா என்ற ஆசையும் இருக்கிறது.

பதினான்காவது குறிப்பு இந்த மலரைப் பற்றியது. எங்கள் வகுப்பின் குழுப்படம் இதில் மீண்டும் வருகிறது. அந்தக் காலத்து வழக்கப்படி கீழே பெயர்களும், கடைசி வரியில் 'சமுகமளிக்காதோர்' என்று மூன்று பெயர்களும் இருக்கும். அந்த மூன்றில் ஒன்று அவளுடையது. தான் அன்று பாடசாலைக்கு வந்திருந்ததாக அவள் எழுதியிருக்கிறாள். படப்பிடிப்பாளரின் பிளாஷ் வெளிச்சமும், வரிசையில் இடமும் வலமும் முட்டிக்கொண்டு நிற்பதும் முடியாததால், அவருக்குப் பின்னால் மகிழமரத்தடியில் நின்றாளாம். நாங்கள் கழற்றி எறிந்த புத்தகப் பைகளை மழை ஈரம் படாமல் பார்த்துக்கொண்டது அவள்தான். தெரிந்தவர்களுக்குத் தெரியட்டும், அந்த வரியை மட்டும் திருத்தவும் என்று கேட்டிருக்கிறாள்.

மலர்க் குழுவினர் சம்மதித்துவிட்டார்கள். 'சமுகமளிக்காதோர்' வரியில் இனி இரண்டு பெயர்கள். அதற்குக் கீழே, அவள் கொடுத்த சொற்களிலேயே, 'படப்பிடிப்பாளருக்குப் பின்னால் நிற்பவர்' என்று ஒரு வரி.